பதினேழாம் கலத்தின் ஏற்றம்

ஹைபிரிட் காரின் பற்றறி பழசானபின் அதன் மின்னை வீட்டில் வைத்து வடித்தால், அது ஓடிய வீதிகள் வெளியே வரும். கடைசியாக ஓடிய வீதி முதலில் வரும், முதலில் ஓடிய வீதி கடைசியில் வரும். திரும்ப மின்னேற்றும்போது எல்லாம் பாய் சுருட்டுகிற மாதிரி உள்ளே போய்விடும். ஆகவே இந்த வேலைக்கு முதலில் வேண்டியது நீளமான ஹோல். எங்கள் ஹோல் இருபத்தாறு அடி. வாசற்கதவைத் திறந்துவிட்டால் தெருப்படலை வரைக்கும் இன்னொரு நாற்பது அடி கிடைக்கும்.

என் பெயர் நகுலேஸ்வரி. பெண்கள் பாடசாலை ஒன்றின் பௌதிக ஆய்வுகூடத்தில் இருபத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தேன். அந்த இருபத்தொன்பது வருடத்தில் என் கையால் ஒரு வோல்ற்றுமானிகூடப் பழுதாகவில்லை. ஆசிரியைமார் பழுதாக்கியவற்றையும் நான்தான் திருத்தினேன். இப்படிச் சொல்லிவிட்டு, பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் கார் உள்ள வீடு எங்களுடையது மட்டும். கார் யப்பானில் ஏழு வருடம் ஓடிவிட்டு இங்கே வந்து ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் ஒழுங்கையில் பிள்ளை பெறப் போன பதினொரு பேரையும் நான்தான் கொண்டுபோனேன். பதினொரு பேரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பெற்றார்கள். ஒருத்தியும் வழியில் பெறவில்லை. பன்னிரண்டாவது கஜந்தினி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், புருஷன் கட்டாரில் வேலை. வைத்தியர் குறித்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் காரின் முகப்பில் சிவப்பு முக்கோணம் எரிந்தது.

அன்று பின்னேரமே கஜந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படலையில் நின்றாள்.

"அன்ரி, நான் உங்கட காரிலதான் போவன். ஓட்டோ எண்டால் குலுக்கும்."

"என்ர காரிலதான் போவாய், பிள்ளை," என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஆளை ஓட்டோவில் ஏற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பற்றறிக் கடை அரியரத்தினம் அண்ணை வந்து பின் இருக்கையில் காதை வைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, இது முடிஞ்சுது. உள்ளுக்கிருக்கிற இருபத்தெட்டுக் கலமும் களைச்சுப்போச்சு. புதுசு போடுங்கோ."

புதுப் பற்றறிக்குள் ஒரு வீதியும் இருக்காது. புதுசு போட்ட கார் முதல் ஒரு மாதம் அதை விற்ற கடையைத்தான் சுற்றிச் சுற்றி வரும். சுன்னாகத்தில் ஒருவர் புதுசு போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துசேர ஐந்து கிழமை எடுத்தார். மனைவி சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து நாளில் பிள்ளை பெறப்போகிறவளுக்கு அது சரிவராது.

"நானே வடிச்சு ஏத்திப் பாக்கிறன் அண்ணை."

"வீட்டிலயோ?"

"வீட்டிலதான்."

அரியரத்தினம் அண்ணை சிரித்தார். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற சிரிப்பு அது. நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. என் ரப்பர் கையுறைகளைத் தேடப் போனேன்.

முதலில் பின்னால் உள்ள, மின்னைத் துண்டிக்கிற செம்மஞ்சள் செருகியைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். அதைக் கழற்றிய பிறகு பத்து நிமிடம் ஒன்றையும் தொடக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் என் கணவர் கிருபாகரன் தேத்தண்ணி போட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் வீட்டுப் படி ஏறி வந்து தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிப்போன ஆள் இதுவரை ஒருவர்தான். அவருக்குப் பின்னாலும் ஒழுங்கை முகப்பு வரைக்கும் கோப்பையோடு போய்ப் பார்த்தார்.

பின் இருக்கையைத் தூக்கி, பற்றறியை இறக்கி, இருபத்தெட்டுக் கலங்களையும் ஹோலில் பாய் விரித்து அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் இலக்கம் போட்டேன். காற்று இழுக்கும் விசிறியின் வடிகட்டியில் ஒன்பது வருடத் தூசு அடைத்திருந்தது. பாவம், மூச்சுவிட வழியில்லாமல் கிடந்திருக்கிறது. அரியரத்தினம் அண்ணை காதை வைத்தாரே தவிர அங்கே கையை வைக்கவில்லை. கலங்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பிடித்திருந்தன. அவற்றைப் பழப்புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வந்தன.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கலண்டருக்குக் கீழே ஒட்டினேன். வீதியோடு வருகிறவர்களுக்குக் குடிக்கவோ தின்னவோ ஒன்றும் கொடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் வாய் நனைத்தவர் விருந்தாளி. விருந்தாளி கலத்துக்குள் திரும்பிப் போகமாட்டார். அவர் போகாவிட்டால் அவர் வந்த வீதியும் போகாது.

"வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம். எழுத்து வடிவாயிருக்கு," என்றார் கிருபாகரன்.

முதற் கலத்தை ஒரு பிறேக் லைற் பல்பில் பூட்டினேன். பல்பு எரிந்தது. எங்கள் ஒழுங்கை ஹோலுக்குள் விரிந்தது. அதன் பின்னால் சந்தை வீதி. மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னைக் கடந்து குசினிப் பக்கம் போனார். பெட்டியில் நல்ல பாரைமீன் இருந்தது. நான் காணாத மாதிரி இருந்தேன்.

ஐந்தாம் கலத்தில் நாங்களே வந்தோம். கண்டியிலிருந்து திரும்பி வருகிற பயணம் அது. காருக்குள் நானும் அவரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன கோபம் என்று இப்போது இருவருக்கும் நினைவில்லை. வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, எங்களைப் போகவிட்டோம். ஒவ்வொரு கலத்தின் அடியிலும் யப்பான் வீதிகள் கிடந்தன. ஒடுக்கமான, சுத்தமான வீதிகள். அவற்றில் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எங்கள் ஒழுங்கை நாய்கள் எப்போது குரைப்பது என்று தெரியாமல் அந்தரப்பட்டன.

ஆறு வோல்ற்றுக்கு வந்ததும் நிறுத்தி, கலம் வீங்காமல் இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, மெதுவாக ஏற்றினேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் வடித்து மூன்று தரம் ஏற்ற வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் தை பிறந்துவிடும் என்று ஏழு ஏழாகப் பூட்டினேன். ஏழு கலத்து வீதிகளும் சேர்ந்து ஹோலில் ஒரு சந்தி உண்டானது. நான் அகப்பையோடு நடுவில் நின்று வாகனங்களைப் பிரித்துவிட்டேன். கண்டியிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர் எனக்குத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாளில் இருபத்தேழு கலங்கள் முடிந்தன. எல்லாம் ஏழு புள்ளி ஒன்பதில் நின்றன. ஒன்றுக்கொன்று முடி அளவு வித்தியாசம்கூட இல்லை.

மிஞ்சியது பதினேழு. ஆஸ்பத்திரி வீதி இருந்தது அதில்தான். வேறு எந்தக் கலத்திலும் அது இருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அதைப் பல்பில் பூட்டினேன். பதினொரு பயணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின் இருக்கையில் பதினொரு பெண்கள், முன்னால் பதினொரு நான். பதினொரு நானும் நன்றாகவே ஓட்டினேன்.

ஆறு புள்ளி நாலில் மானியின் முள் நின்றுவிட்டது. பல்பு எரிந்தது, ஆனால் முள் அசையவில்லை. வாசல் வழியாக ஒரு வீதி வெளியே போயிருந்தது. எழும்பிப்போய்ப் பார்த்தேன். எங்கள் படலையில் தொடங்கி ஒழுங்கை முகப்பு வரைக்கும் ஒரு ஏற்றம் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. பாலத்தில் ஏறுவதைத்தான் நாங்கள் ஏற்றம் என்று சொல்லிக்கொள்வோம். இது பனைமர உயரத்துக்கு இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்நோ குவிந்திருந்தது. எல்லோர் வீட்டிலும் கனடாவில் ஆள் இருப்பதால் அது என்னவென்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உச்சியில் ஆட்கள் வீதியைக் கடக்கிற ஒரு கடவை, வெள்ளைக் கோடுகள், ஒரு சிவப்பு விளக்கு. கடவையின் ஓரத்தில் யப்பான்கார அம்மா ஒருவர் குடை பிடித்து நின்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஹைபிரிட் கார் பிறேக் பிடிக்கும்போது மின்னை வாங்கி வைக்கும், கிளம்பும்போது அதைக் கொடுக்கும். கார் யப்பானில் ஓடத் தொடங்கிய புதிதில், முதற் சொந்தக்காரர் இந்தச் சிவப்பு விளக்குக்கு நின்றிருக்கிறார். நின்றதைப் பதினேழாம் கலம் வாங்கி வைத்தது. கிளம்பியதை வேறு கலங்கள் பார்த்துக்கொண்டன. ஆகவே பதினேழு மட்டும் பதினாறு வருடமாக அந்தச் சிவப்பிலேயே நிற்கிறது. அந்த அம்மாவும் இன்னும் கடக்கவில்லை. பல்பை அப்படியே அரை நாள் எரியவிட்டால் விளக்குத் தானாக மாறும், அவர் கடந்துபோவார், ஏற்றம் உள்ளே சுருளும். எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நான் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கிருபாகரன் தட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு ஸ்நோவில் செருப்போடு ஏறிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

"அந்த மனுசி கன நேரமா நிக்குது நகுலா. பதினாறு வருசம்."

நான் மேலே போய்ச் சேருவதற்குள் அந்த அம்மா குடித்து முடித்துவிட்டார். வெறுங்கோப்பையைக் கிருபாகரனிடம் கொடுத்துவிட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீடு வரைக்கும் வந்து, கழுவி, குசினியில் கவிழ்த்து வைத்தார். பிறகு விறாந்தைக் கதிரையில் இருந்தார். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பொல்லாத கோபம். ஆனால் விருந்தாளிக்கு முன்னால் கோபிக்க முடியாதே.

விருந்தாளியை அனுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் எழுந்து "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "ஓம், போட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லப்பட்டால்தான் அவர் போகலாம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுந்து இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார். எங்கள் வீட்டில் அது விடைபெறுவதாகாது. நான் அவரை இருத்தி, சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். என் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் ஓமின் விதியைப் பிடித்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். மத்தியானமே எழுந்து நின்று, "போட்டு வாறன்," என்றார். ஒரு எழுத்துப் பிழைக்கவில்லை.

"ஐயோ, சாப்பிடாமல் போறதோ? இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்றார் கிருபாகரன்.

சாப்பிட்டார். திரும்பவும் எழுந்து சொன்னார்.

"சாப்பிட்ட கையோட போகக்கூடாது. கொஞ்சம் இருங்கோ. வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்ந்ததும், பொழுதுபட்டுவிட்டது இனி எங்கே போவது என்றார். நான் கிருபாகரனைக் குசினிக்குள் கூப்பிட்டு விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "விளங்குது நகுலா. ஆனா வாயில வருகுதில்லை," என்றார். வந்தவரை முதல் சொல்லிலேயே அனுப்பியதில்லை அவர். அவருடைய தகப்பனும் அனுப்பியதில்லை. இப்படியே இரண்டு நாள் போனது. அந்த அம்மா எங்கள் கொடியில் காய்ந்த உடுப்புகளை மடித்து வைத்தார். இவ்வளவு நேராக மடித்த உடுப்பை நான் என் வாழ்நாளில் உடுத்தியதில்லை.

அரியரத்தினம் அண்ணை ஏற்றத்தின் மறுபக்கத்தால் ஏறி எங்கள் பக்கத்தால் சறுக்கி வந்துசேர்ந்தார். மேலெல்லாம் ஸ்நோ.

"நான் அண்டைக்கே சொன்னனான். பதினேழை எறிஞ்சிட்டு என்ர கடையில கிடக்கிற ஒண்டைப் போடுங்கோ."

"ஆஸ்பத்திரி அதுக்குள்ளதான் இருக்கண்ணை."

"அப்ப ஒண்டும் செய்யேலாது தங்கச்சி."

அவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு, குறித்த நாளுக்கு மூன்று நாள் முந்தி, கஜந்தினிக்கு வலி எடுத்தது. கதவைப் பூட்டிக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு, சறுக்கும் என்று மதிலைப் பிடித்துப் பிடித்து இறங்கி எங்கள் விறாந்தைக்கு வந்துவிட்டாள். "ஓட்டோவைக் கூப்பிடட்டோ?" என்று கிருபாகரன் மெதுவாகக் கேட்டார். கஜந்தினி என்னைப் பார்த்தாள். நான் கையுறையைப் போட்டேன்.

இருபத்தெட்டுக் கலங்களையும் இலக்கப்படி அடுக்கினேன். பதினேழையும் அது கிடந்தபடியே, அதன் ஏற்றம் வெளியில் கிடக்க, அதன் இடத்தில் வைத்தேன். செப்புத் தகடுகளைப் பூட்டினேன். ஒவ்வொரு திருகாணிச் சுரையையும் அளவாக இறுக்கினேன். விறாந்தையில் கஜந்தினி அந்தலைக்கும் இந்தலைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு கூடவே நடந்தார். நாற்பது நிமிடத்தில் பின் இருக்கையைப் பூட்டி, கைப்பையிலிருந்து செம்மஞ்சள் செருகியை எடுத்துச் செருகினேன். முகப்பில் சிவப்பு முக்கோணம் பாதி எரிந்தது. மற்றப் பாதி எரியவில்லை.

பின்னால் கஜந்தினியும் அந்த அம்மாவும். முன்னால் கிருபாகரன், மடியில் சுடுதண்ணிப் போத்தலோடு. ஒழுங்கை முழுக்க மதிலோரம் வந்து நின்றது. அரியரத்தினம் அண்ணையும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எடுத்தேன். பெற்றோல் இயந்திரம் எழும்பவில்லை. நான் எழுப்பவும் இல்லை. இருபத்தேழு கலமும் ஒன்றையொன்று தோளில் தூக்குகிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல், கார் ஸ்நோவில் ஏறியது. சில்லு ஒரு தரமும் சறுக்கவில்லை. பக்கத்துக் கதிரவேலு வீட்டு மதில் கீழே போனது, பிறகு மாமரம் கீழே போனது. கண்ணாடியில் அரியரத்தினம் அண்ணையைப் பார்த்தேன். கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார்.

உச்சியில் விளக்குச் சிவப்பு. நின்றேன்.

"அன்ரி, ஒருத்தரும் இல்லைத்தானே. போங்கோ அன்ரி," என்றாள் கஜந்தினி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இந்த முறை ஒழுங்கா நிண்டு ஒழுங்கா எடுக்க வேணும் பிள்ளை. இல்லாட்டி ஆஸ்பத்திரி வராது."

அந்த அம்மா கஜந்தினியின் கையை மெதுவாக விட்டார். இறங்கினார். கடவையின் ஓரத்தில், பதினாறு வருடம் நின்ற அதே இடத்தில் போய் நின்று, குடையை விரித்தார். திரும்பி, கிருபாகரனைப் பார்த்து, "போட்டு வாறன்," என்றார்.

கிருபாகரன் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் அவருடைய கை போய்விட்டது. பின்னால் கஜந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். கிருபாகரன் மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"ஓம்," என்றார். "போட்டு வாங்கோ."

முப்பத்தொரு வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். அவ்வளவு பெருமை அவர்மேல் எனக்கு அதற்கு முதல் வந்ததில்லை.

அந்த அம்மா கடந்தார். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் விளக்குப் பச்சையானது. நான் எடுத்தேன். இறக்கம் முழுக்க மெதுவாகப் பிறேக் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் ஏற்றம், ஸ்நோ, கடவை எல்லாம் சுருண்டு பதினேழுக்குள் போய்க்கொண்டிருந்தன. கடைசிச் சுருள் உள்ளே போனதும் முக்கோணத்தின் எரிந்துகொண்டிருந்த பாதியும் அணைந்தது. முன்னால் ஆஸ்பத்திரி வீதி, குண்டு குழிகளோடு, அது இருக்க வேண்டிய இடத்தில் கிடந்தது. பன்னிரண்டாவது தரமாக அதில் போனேன்.

பெண்பிள்ளை. மூன்று கிலோ இருநூறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பிறந்தது. தாதி வெளியே வந்து, "நகுலா அன்ரி எண்டது ஆர்? அவதான் முதல் தூக்க வேணுமாம்," என்றார். நான் தூக்கினேன். அழுதேன். அதை மறைக்கவும் இல்லை. கார் தரிப்பிடத்துக்குப் போய்ப் பின் இருக்கையைத் தூக்கிப் பதினேழாம் கலத்தில் மானியை வைத்துப் பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்பது. திரும்பி வந்து அதைக் கஜந்தினியிடமும் சொன்னேன்.

போட்டு வாறன் என்று சொன்னவர் வரத்தான் வேண்டும். அடுத்த புதன்கிழமை காலை அந்த அம்மா காரில் வந்தார். தன் காரின் பற்றறியைப் பூப்போட்ட துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்கு ஒரு சின்னக் குடையும் இருந்தது. நான் கலங்களை ஹோலில் அடுக்கி, நகப்பூச்சால் இலக்கம் போட்டு, முதலாவதைப் பல்பில் பூட்டினேன்.

கடைசியாக ஓடிய வீதிதானே முதலில் வரும். எங்கள் ஒழுங்கை வந்தது. அதில் எங்கள் படலை இருந்தது. படலையில் அரியரத்தினம் அண்ணை ஒரு தள்ளுவண்டியில் தன்னுடைய பற்றறியை வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உங்களுக்கு முன்னால ஒராள் இருக்கிறா அண்ணை," என்றேன்.

"பரவாயில்லைத் தங்கச்சி. நான் நிக்கிறன்," என்றார்.

கலண்டருக்குக் கீழே ஒட்டிய தாளை நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தபோது, கிருபாகரன் அண்ணையிடமிருந்து வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை எடுத்துப் பற்றறிக் கடைக்கு அழைத்தேன். அரியரத்தினம் அண்ணைதான் எடுத்தார். வீதியோடு வந்து இங்கே வாய் நனைத்த அரியரத்தினம் அண்ணை இன்றைக்கு வீட்டுக்கு வர நேரமாகும் என்று அவரிடம் சொன்னேன்.

"சரி தங்கச்சி," என்றார். "சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லுறன்."